எட்டுக்கால் பூச்சி கடிச்ச புண்ணா? நடுவுல கறுத்துப் போச்சு

மிட்ராண்ட்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம், தென்னாப்பிரிக்கா மிட்ராண்ட்ல இருந்து எழுதறேன். வீட்டுக்காரருக்கு முந்தாநாள் காலையில கெண்டைக்கால்ல ஒரு தடிப்பு, இன்னைக்கு நடுவுல மிளகு சைஸுக்கு கறுத்து பொருக்கு கட்டிருச்சு, சுத்திலும் சிவந்திருக்கு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாத்துட்டு வயலின் ஸ்பைடர்ங்கிற விஷச் சிலந்திதான், சதை அழுகிடும்னுட்டாங்க, ராத்திரி முழுக்க மெத்தையைத் தூக்கி உதறி தேடினேன் ஒண்ணும் சிக்கல. அத்தை போன்ல மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு பத்து போடச் சொல்றாங்க. போடலாமா? தலைவலி வேற இருக்கு அவருக்கு.

கேப்டவுன்_செல்வா:
அக்கா, கடிச்சதை யாராவது கண்ணால பாத்தீங்களா? பாக்கலைன்னா சிலந்தி மேல பழி போடாதீங்க. அமெரிக்காவுல கன்சாஸ்ல ஒரு வீட்டுல 6 மாசத்துல 2,055 பிரவுன் ரெக்லூஸ் புடிச்சாங்க, நம்ம வயலின் ஸ்பைடரோட பங்காளிதான் அது, அந்த வீட்டுல குடியிருந்த 4 பேர்ல ஒருத்தருக்கும் கடி இல்ல. 2002ல அந்த ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு. அதே வருஷம் ஆஸ்திரேலியாவுல கடிச்ச சிலந்தியையே புடிச்சு வச்சு 750 கேஸ் பாத்தாங்க, சதை அழுகின புண் ஒண்ணு கூட இல்ல. இங்க நிஜமா பயப்பட வேண்டியது எங்க பக்கத்து கோதுமைக் காட்டுல இருக்கிற கறுப்பு பட்டன் ஸ்பைடர். அது கடிச்ச எடத்துல பெருசா புண்ணே இருக்காது, ஆனா வயிறு பலகை மாதிரி இறுகிடும், வேர்த்துக் கொட்டும், உடம்பெல்லாம் வலி. அதுக்கு விஷமுறிவு ஊசி இருக்கு.

பிரிட்டோரியா_நர்ஸ்:
செல்வா சொல்றது சரி. சிலந்திக் கடின்னு வர்ற நிறைய புண்ணு பாக்டீரியா சீழ்க்கட்டிதான். ஆனா சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் சமீபத்துல புல்லுக்காட்டுப் பக்கம் போனாரா? தொடை இடுக்குல நெறி கட்டிருக்கான்னு தடவிப் பாருங்க. கறுத்த பொருக்கு, தலைவலி, நெறி மூணும் இருந்தா எனக்கு முதல்ல தோணுறது புல்லுல இருக்கிற உண்ணி கடிச்சு வர்ற உண்ணிக் காய்ச்சல், இங்க டிக் பைட் ஃபீவர்னு சொல்வாங்க. டாக்சிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு நல்லா கேக்கும். தயவுசெஞ்சு புண்ணு மேல பத்து போடாதீங்க, இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

மிட்ராண்ட்_அம்மா:
ஐயோ ஆமாங்க, போன வாரம்தான் லிம்போபோ பக்கம் ஒரு ஃபார்முக்குப் போனோம், ஷார்ட்ஸோட புல்லுல நடந்துகிட்டே இருந்தார். இடுக்குல நெல்லிக்காய் மாதிரி நெறி இருக்கு, முழங்காலுக்குப் பின்னாடி இன்னொரு பொருக்கும் இருக்கு, இவ்வளவு நேரம் கவனிக்கவே இல்ல. கிளம்பிட்டோம்.

பிரிட்டோரியா_நர்ஸ்:
அந்த ரெண்டாவது பொருக்கையும் மறக்காம காட்டுங்க. ஃபார்முக்குப் போனதை டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.