12 வருடம் கழித்து மறுபடியும் ரீஃப் டேங்க் (கடல்நீர்ப் பவளத் தொட்டி): பழைய மெட்டல் ஹாலைடு விளக்கா, புது எல்இடியா?

அலைமீட்சி:
வணக்கம் நண்பர்களே. 12 வருடத்துக்கு முன் என் தொட்டியைக் கலைத்துவிட்டேன். காரணம் ஒரு ஹீட்டர். இரண்டு நாள் வெளியூர் போயிருந்தபோது தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமலே ஓடியிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் 34 டிகிரி. ஆறு வருடம் வளர்த்த ஹாமர் கோரல் என்ற பவளத்தின் சதையெல்லாம் கரைந்து வெறும் எலும்பாக நின்றது. அதன்பின் உப்பு வாளியைத் தொடவே மனம் வரவில்லை. இப்போதுதான் வந்திருக்கிறது.

கையில் இருப்பவை: சம்ப்போடு (கீழே இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்து 300 லிட்டர் தொட்டி, 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு இரண்டு, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஒரு ஸ்கிம்மர், சம்ப் தண்ணீரை மேலே ஏற்றும் ஏசி ரிட்டர்ன் பம்ப். முதலில் சாஃப்ட் கோரலும் (மென்பவளம்) எல்பிஎஸ்ஸும் (ஹாமர் போன்ற பெரிய பாலிப் கல்பவளம்). ஒரு வருடம் நன்றாகப் போனால் மான்டிபோரா என்ற கல்பவளம். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

நீலஒளி:
அண்ணா, முதலில் ஹாலைடை இறக்குங்கள். இரண்டு விளக்கும் சேர்ந்து 500 வாட். எட்டு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 4 யூனிட். அந்தச் சூட்டை இறக்க சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஓடும், அது தனிக் கணக்கு. எல்இடியில் சூடு ஹீட்சிங்க் வழியே மேலே போய்விடும், தண்ணீரில் இறங்குவது குறைவு. பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் எல்பிஎஸ்ஸுக்கு வேண்டிய 100–150 பார் (பவளத்துக்குப் பயன்படும் ஒளியின் அளவு) தாராளமாகக் கிடைக்கும். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். கூடவே கருவிகளைக் கண்காணித்து இயக்கும் ஒரு கன்ட்ரோலர், ஆவியான தண்ணீரைத் தானே நிரப்பும் ஏடிஓ, கால்சியம் போன்றவற்றை அளந்து ஊற்றும் டோசிங் பம்ப். நீங்கள் விட்டுப்போன காலத்துக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

பழையபாறை:
தம்பி சொல்வதில் மின்சாரக் கணக்கு சரி. மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எல்இடி ஒரு புள்ளியிலிருந்து அடிக்கும் வெளிச்சம். மான்டிபோரா தட்டாக விரிந்தபின் அதன் அடியில் பாருங்கள், நிழல் விழுந்த பக்கம் பழுப்பாகிச் செத்துக்கொண்டே வரும். டி5 குழல்விளக்கின் வெளிச்சம் நாலு பக்கமும் பரவி விழும். நான் இன்றும் நடுவில் எல்இடி, இரண்டு ஓரத்திலும் டி5 வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம், எல்இடி வாங்கிய முதல் வாரத்திலேயே நூறு சதவீதத்தில் வைத்துப் பவளத்தை வெளுக்கவைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீல வெளிச்சம் நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், பவளத்துக்கு அது மங்கல் இல்லை. பார் மீட்டரை ஒரு நாள் இரவல் வாங்கியாவது அளக்காமல் கூட்டாதீர்கள்.

நீலஒளி:
நிழல் விஷயம் உண்மைதான். ஆனால் ஒரு பெரிய விளக்குக்குப் பதில் இரண்டு சிறியதைத் தள்ளித்தள்ளி மாட்டினால் பெரும்பகுதி சரியாகிவிடும். டி5 யோசனைதான் எனக்குக் கவலை. குழலை வருடத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். 2023இல் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் பொது விளக்குக்கான நீளக் குழல்விளக்குகளை 2027க்குள் நிறுத்த முடிவெடுத்தன. பாதரசம்தான் காரணம். ரீஃப் குழல் தனி ரகம், சரி. பொதுக் குழல் உற்பத்தி நின்றபின் அது மட்டும் எத்தனை காலம் வரும்? இன்று புதிதாகத் தொடங்கும் ஒருவரை அந்தப் பாதையில் அனுப்ப எனக்கு மனமில்லை.

பழையபாறை:
அது நியாயம். புதிதாக வாங்குபவருக்கு டி5 வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். கன்ட்ரோலர், டோசிங் பம்ப் விஷயத்தில் மட்டும் விடமாட்டேன். சாஃப்ட் கோரல் தொட்டிக்கு டோசிங் பம்ப் எதற்கு? அது சுண்ணாம்பு எடுப்பதே சொற்பம். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினாலே போதும். எல்பிஎஸ் வளர ஆரம்பித்ததும் ஆல்கலினிட்டியை (பவளம் எலும்பு கட்ட எடுக்கும் காரத்தன்மை, அலகு டிகேஎச்) இன்று ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை அளக்கட்டும். 8.6 இருந்தது 8.0 ஆனால் ஒரு நாளைக்கு 0.2 டிகேஎச் குறைகிறது. அப்போது பம்ப் வாங்கலாம். குறைவு தெரியாமல் ஊற்றுவதுதான் ஆபத்து.

சிப்பி:
இருவரும் விளக்கைச் சுற்றியே நிற்கிறீர்கள். அலைமீட்சி சாருடைய தொட்டியைக் கொன்றது விளக்கா? ஹீட்டர்தானே. எந்த உபகரணம் கெட்டால் ஒரே இரவில் எல்லாம் போகுமோ, பணம் முதலில் அங்கே போகட்டும்.

சார், 300 வாட் ஹீட்டர் ஒன்று வேண்டாம், 150 வாட் இரண்டு போடுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் பாதி சூடுதான் ஏறும், கவனிக்க நேரம் கிடைக்கும். இரண்டையும் தனி வெப்பக் கன்ட்ரோலரில் செருகி 26இல் வையுங்கள். ஹீட்டர்களின் சொந்தத் திருகை 27இல் வையுங்கள். கன்ட்ரோலரின் சென்சார் கம்பி நழுவித் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால் அது குளிர் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருக்கும். அப்போது ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட்தான் நிறுத்தும்.

ஏடிஓவிலும் இதே கதைதான். மிதவையில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால் போதும், நல்ல தண்ணீர் முழுக்கச் சம்ப்பில் இறங்கிவிடும். டாப்-அப் வாளி 10 லிட்டராக இருந்தால் உப்பளவு 35இலிருந்து ஏறக்குறைய 34க்குத்தான் இறங்கும், பவளம் தாங்கும். 50 லிட்டர் டிரம் வைத்தால் 30. அது தாங்காது. வாளியின் அளவே பாதுகாப்பு.

நீலஒளி:
சிப்பி அக்கா, நான் கன்ட்ரோலர் என்றதில் இதுவும் அடக்கம். வெப்பம் 28ஐத் தாண்டினால் போனுக்குச் செய்தி வரும். அன்று அவர் வெளியூரில் இருந்தார். செய்தி வந்திருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லி ஒரு பிளக்கைப் பிடுங்கச் சொல்லியிருக்கலாம்.

சிப்பி:
அதை நான் மறுக்கவில்லை. வெப்பத்துக்கான எச்சரிக்கை மட்டும் சின்னக் கருவியிலேயே கிடைக்கிறது. தொட்டி முழுவதையும் ஒரே பெட்டியில் கட்டிவைத்தால் அந்தப் பெட்டி நின்ற அன்று எல்லாமே நிற்கும். எனக்கு அந்தப் பயம் உண்டு. முதல் வருடம் தனித்தனியாகவே இருக்கட்டும்.

அலைமீட்சி:
சிப்பி சொன்னதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 27 என்று திருகி வைத்திருந்தால் என்ற எண்ணம்தான். ஆனால் ஒட்டிக்கொண்டதே அந்தத் தெர்மோஸ்டாட், தனிக் கன்ட்ரோலர் இருந்திருந்தால்தான் காப்பாற்றியிருக்கும் என்று பிறகு புரிந்தது.

ஹாலைடு போகட்டும். சிறிய எல்இடி இரண்டு, இரண்டு ஹீட்டர், ஒரு வெப்பக் கன்ட்ரோலர், சிறிய வாளியோடு ஏடிஓ. டோசிங் பம்ப் இப்போது இல்லை. பழைய ஸ்கிம்மரும் பம்பும் தேறுமா?

பழையபாறை:
ஸ்கிம்மர் தேறும், அதன் வேலை மாறவில்லை. சிட்ரிக் அமிலத்தில் பம்பை ஊறவைத்து உள்ளே சுழலும் இம்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். அக்ரிலிக் ஒட்டுகளில் முடிபோல் விரிசல் இருந்தால் வேண்டாம். ஒன்று மட்டும்: பழைய நாள்போல் நைட்ரேட், பாஸ்பேட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கப் பார்க்காதீர்கள். இப்போது ட்ரை ராக்கில் தொடங்குகிறோம், பாறையில் உயிரே இல்லை. அதில் சத்தும் பூஜ்யம் ஆனால் டைனோ என்ற நுண்ணுயிர் வந்து பழுப்புக் கோழையாக மூடும். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 என்று கொஞ்சம் இருக்கட்டும்.

நீலஒளி:
இதில் பழையபாறை அண்ணாவோடு முழுசாக ஒத்துப்போகிறேன். லைவ் ராக் (உயிர் ஒட்டிய பாறை) ஒரு சின்னத் துண்டாவது சேருங்கள். அதோடு அய்ப்டாசியா என்ற தொல்லை அனிமோன் வந்தாலும் சமாளிக்கலாம், டைனோவைச் சமாளிப்பது கொடுமை. ரிட்டர்ன் பம்பை டிசிக்கு மாற்றினால் பேட்டரியில் ஓட்டலாம்.

சிப்பி:
பேட்டரியைத் தொட்டியில் அலை எழுப்பும் வேவ்மேக்கருக்குக் கொடுங்கள். கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். மேல்மட்டம் அசைந்துகொண்டிருந்தாலே பல மணி நேரம் தாங்கும். அப்புறம் சார், 12 வருடம் காய்ந்து கிடந்த தொட்டியின் சிலிக்கான்? உப்புக் கலக்கும் முன் வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் விடுங்கள். ரிட்டர்ன் பம்பையும் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள், குழாய் வழியாகத் திரும்பும் தண்ணீர் சம்ப்பில் அடங்குகிறதா என்று.

அலைமீட்சி:
நாளை காலை நிரப்புகிறேன். அடியில் செய்தித்தாள் விரித்து வைக்கிறேன், ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். அடுத்த வாரம் இங்கேயே எழுதுகிறேன்.