200 லிட்டர் செஸ்ட் ஃப்ரீசரில் கெக், நொதித்தல் இரண்டும் ஒன்றாக ஓடுமா?

மால்ட்மூட்டை:
வீட்டில் பியர் காய்ச்சுகிறேன், கையில் இருப்பது 200 லிட்டர் செஸ்ட் ஃப்ரீசர். மேனுவல் டீஃப்ராஸ்ட், திருகும் தெர்மோஸ்டாட். இதில் 19 லிட்டர் பால் லாக் கெக் (அழுத்தத்தில் பியர் அடைக்கும் உலோகக் கலன்) இரண்டும் 25 லிட்டர் பிளாஸ்டிக் நொதிகலன் ஒன்றும் வைக்க உத்தேசம். கெக் 4 டிகிரியில் இருக்க வேண்டும், ஏல் வகை பியர் 18-இல் நொதிக்க வேண்டும். நடுவில் தெர்மாகோல் தடுப்பு வைத்து, குளிர்ந்த பக்கத்துக் காற்றைச் சின்ன ஃபேனால் மறுபக்கம் தள்ளினால் இரண்டும் கிடைக்குமா? பியர் ஊற்றும் குழாய்களைப் பக்கச் சுவரில் துளையிட்டுப் பொருத்தலாமா? வெப்பநிலை கன்ட்ரோலர் எது நல்லது, செட்டிங் என்ன?

கம்ப்ரஸர்காது:
முதலில் டிரில்லைக் கீழே வையுங்கள். செஸ்ட் ஃப்ரீசரின் சுவர் வெறும் ஃபோம் இல்லை. உள்தகட்டுக்குப் பின்னால் குளிரூட்டும் குழாய் நான்கு பக்கமும் சுற்றி ஓடுகிறது, வெளித்தகட்டை ஒட்டி வெப்பம் வெளியேற்றும் குழாய் ஓடுகிறது. ஓடும்போது வெளிப்பக்கத்தைத் தொட்டால் சூடாக இருப்பது அதனால்தான். எதில் துளை பட்டாலும் பெட்டி குப்பைக்குத்தான். இப்போது வரும் பல மாடல்களில் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பற்றும் வாயு.

தடுப்பு யோசனையும் இதே காரணத்தால் படுத்துவிடும். "சூடான பக்கம்" என்று நீங்கள் நினைக்கும் பக்கத்தின் சுவரிலும் அதே குழாய் ஓடுகிறது. கம்ப்ரஸர் ஓடும்போது அந்தச் சுவரும் உறைநிலைக்குக் கீழே போகும். தடுப்பின் இரு பக்கமும் குளிர்ந்துவிடும், தெர்மாகோல் சும்மா வேடிக்கை பார்க்கும்.

கன்ட்ரோலர்: வயரிங் செய்யக் கை வராது என்றால் இங்க்பேர்டு ஐடிசி-308. சூட்டுக்கும் குளிருக்கும் தனித்தனி சாக்கெட், தனித்தனி டிஃபரென்ஷியல் (செட் செய்த அளவிலிருந்து எவ்வளவு விலகினால் ஆன் ஆகும் என்ற இடைவெளி). எஸ்டிசி-1000 விலை குறைவு, ஆனால் வெறும் மாட்யூல்தான். பெட்டி, சாக்கெட், எர்த் எல்லாம் நீங்களே கட்ட வேண்டும், டிஃபரென்ஷியலும் இரண்டுக்கும் ஒன்றே. ஃப்ரீசரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை அதிகபட்சக் குளிரில் விட்டுவிடுங்கள். அது இடையில் தானாக நின்றால், கன்ட்ரோலர் கரண்ட் கொடுத்தும் பெட்டி ஓடாமல் கிடக்கும்.

கம்ப்ரஸர் டிலே 5 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. நின்றவுடன் உள்ளே ஒரு பக்கம் அழுத்தம் ஏறியிருக்கும். அது சமனாகும் முன் மறுபடி கரண்ட் போனால் மோட்டார் சுற்ற முடியாமல் உறுமும், பிறகு 'டிக்' என்று ஓவர்லோடு விழும். இது மீண்டும் மீண்டும் நடந்தால் வைண்டிங் போய்விடும்.

சென்சாரைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். மூடியைத் திறந்து மூடினாலே காற்று 5 டிகிரி ஏறும், பியர் அரை டிகிரிகூட அசைந்திருக்காது. கன்ட்ரோலர் பாவம், சென்சார் சொல்வதை நம்பி ஓயாமல் ஆன், ஆஃப் செய்யும். நிரம்பிய கெக்கின் நடு உயரத்தில் சென்சாரை ஒட்டி, மேலே 25 மி.மீ. தடிமன் ஃபோம் துண்டை வைத்து இறுக்கி டேப் போடுங்கள். செட் 4, டிஃபரென்ஷியல் 1.5. அந்தக் கெக் காலியாகும்போது சென்சாரை அடுத்ததற்கு மாற்ற மறக்க வேண்டாம். காலிக் கெக்கில் ஒட்டிய சென்சார் காற்றில் தொங்குவதற்குச் சமம்.

குழாயடி:
குழாய்க்குக் காலர்தான் சரியான வழி. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மரச்சட்டம், துளை எல்லாம் அதில். 38 மி.மீ. தடிமன், 140 மி.மீ. உயரப் பலகை போதும். அளவைப் பெட்டியின் வெளிவிளிம்பில் எடுக்காமல், மூடியின் கேஸ்கெட் உட்காரும் கோட்டில் எடுங்கள். மூலைகளில் பசையும் திருகும். உள்பக்கம் முழுக்க 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம், இடுக்குகளில் சிலிகான். மரத்தை முன்பே பெயின்ட் அடித்துவிடுங்கள், வெறும் மரம் அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மூடியைக் கழற்றும் முன் அதை முழுக்கத் திறந்து நிறுத்துங்கள். மூடியிருக்கும்போது கீல் ஸ்பிரிங் அழுந்திய நிலையில் இருக்கும். அப்போது திருகைக் கழற்றினால் தெறித்துக் கையைப் பதம் பார்த்துவிடும்.

உயரமும் முக்கியம். பால் லாக் கெக் சுமார் 63 செ.மீ., மேலே கனெக்டருக்கு இன்னும் 5 செ.மீ. விட்டம் சுமார் 22 செ.மீ. அட்டையில் 23 செ.மீ. வட்டங்கள் வெட்டி, நொதிகலனின் அடியளவுக்கும் ஒன்று வெட்டி, பெட்டித் தரையில் பரப்பிப் பாருங்கள். லிட்டர் கணக்கை நம்பி ஏமாற வேண்டாம், கம்ப்ரஸர் மேடு ஒரு கெக்கின் இடத்தைத் தின்றுவிடும்.

பியர் லைன் (கெக்கிலிருந்து ஊற்றும் குழாய்க்குப் போகும் டியூப்): உள்விட்டம் 5 மி.மீ., நீளம் 3 மீட்டர். 4 டிகிரியில் வாயு அழுத்தம் 12 பிஎஸ்ஐ வைத்தால் கார்பனேஷன் 2.5 வால்யூம் (பியரின் கன அளவைப் போல 2.5 மடங்கு வாயு) அளவில் நிற்கும், ஊற்றும் வேகமும் சரியாக இருக்கும். நீளத்தைக் குறைத்துவிட்டு, நுரை பொங்குகிறதே என்று அழுத்தத்தைக் குறைப்பவர்கள் உண்டு. அப்போது வாயு பியரிலிருந்து குழாயிலேயே பிரிந்து நுரை இன்னும் கூடும், நாளடைவில் பியரும் சப்பென்று போகும்.

நுரைமட்டம்:
தடுப்பு விஷயத்தில் கம்ப்ரஸர்காது சொன்னது சரி. ஆனால் இரண்டு வெப்பநிலை முடியவே முடியாது என்று விட்டுவிட வேண்டியதில்லை. பெட்டி முழுக்க 4 டிகிரியில் கெக்குக்காக ஓடட்டும். நொதிகலனுக்குத் தனியாக ஒரு ஃபோம் உறை, அதற்குள் ஹீட்டிங் பெல்ட், இரண்டாவது கன்ட்ரோலர். குளிர் இலவசமாகக் கிடைக்கிறது, நாம் கட்டுப்படுத்துவது சூட்டை மட்டும்.

கணக்கு இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் உறை, பரப்பு அரை சதுர மீட்டர், உள்ளும் வெளியும் 14 டிகிரி வித்தியாசம். வெப்ப இழப்பு 9 முதல் 10 வாட்தான். நொதித்தல் உச்சத்தில் ஈஸ்ட்டே பல வாட் கொடுக்கும், பெல்ட்டுக்கு முதல் சில நாள் வேலையே குறைவு. 20 வாட்டைத் தாண்ட வேண்டாம். அந்த அளவில் இருந்தால், கன்ட்ரோலரின் ரிலே (உள் ஸ்விட்ச்) ஆனிலேயே ஒட்டிக்கொண்டாலும் கலன் 33 டிகிரியை ஒட்டி நிற்கும். சுவை கெடும், ஆனால் ஈஸ்ட் வெந்துபோகாது. 40 வாட் போட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. சென்சார் கலன் சுவரில், பெல்ட்டிலிருந்து தள்ளி, திரவ மட்டத்துக்குக் கீழே. உச்சத்தில் 18-ஐத் தாண்டினால் உறையின் மேல்மூடியைச் சற்று விலக்குங்கள். கோல்டு கிராஷ் (நொதித்த பியரைக் குளிர்வித்துத் தெளியவைப்பது) வேண்டுமானால் பெல்ட்டை அணைத்து உறையைக் கழற்றினால் முடிந்தது.

யாரும் இன்னும் சொல்லாத ஒன்று கார்பன் டை ஆக்சைடு. 20 லிட்டர் பியர், 5% ஆல்கஹால் என்றால் அதில் சுமார் 790 கிராம் எத்தனால். கூடவே சுமார் 750 கிராம் வாயு வெளியேறும், அறை வெப்பத்தில் கிட்டத்தட்ட 400 லிட்டர். உங்கள் பெட்டியே 200 லிட்டர்தான். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் திறந்தாலும் அடியில் தேங்கி நிற்கும். ஏர்லாக்குக்கு (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) பதில் ஒரு குழாயைக் காலர் வழியே வெளியே கொண்டுபோய், நீர் நிரப்பிய பாட்டிலில் விடுங்கள். உள்ளே குனிந்து கெக் தூக்கும் முன் மூடியைத் திறந்து, ஃபேனால் சில நிமிடம் காற்றைக் கலைத்துவிடுங்கள். தலை கிறுகிறுத்தால் நிமிர்ந்து வெளியே வந்துவிட வேண்டும், "இதோ முடிந்துவிட்டது" என்று தொடரக் கூடாது.

மால்ட்மூட்டை:
உறை யோசனை பிடித்திருக்கிறது. மூன்று சந்தேகம். காலரை மூடியோடு சேர்க்கவா, பெட்டியோடா? கேஸ் சிலிண்டர் உள்ளேயா, வெளியேயா? உள்ளே தண்ணீர் தேங்கும் என்கிறார்களே, அதற்கு என்ன வழி?

குழாயடி:
மூடியோடு சேருங்கள். 25 கிலோ நிறைந்த கலனைத் தூக்கி இறக்கும்போது 14 செ.மீ. குறைவு என்பது முதுகுக்குப் பெரிய விஷயம். அடிவிளிம்பில் கதவுக்கு ஒட்டும் ரப்பர் பட்டை ஒட்டிவிட்டால் காற்று கசியாது.

கம்ப்ரஸர்காது:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. காலர், நான்கு குழாய், ஷேங்க் (காலரைத் துளைத்து குழாயை லைனோடு இணைக்கும் தண்டு) எல்லாம் சேர்ந்தால் கீல் ஸ்பிரிங்கால் தாங்க முடியாது, மூடி பாதியில் விழும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பியர் லைன்களும் இழுபடும். இரண்டு குழாய்க்கு மேல் போனால் பெட்டியோடு சேர்ப்பதே மேல். கனத்துக்கு வேறு வழி இருக்கிறது: காலிக் கலனை உள்ளே வைத்துவிட்டு வோர்ட்டை (நொதிக்காத மால்ட் சாறு) பம்பில் ஏற்றுங்கள், முடிந்த பியரைக் கெக்குக்கு உள்ளேயே மாற்றுங்கள். தூக்கும் வேலையே இல்லை.

சிலிண்டர் வெளியே இருக்கட்டும். உள்ளே ஈரத்தில் ரெகுலேட்டர் அரிக்கும், இடமும் போகும். கட்டாயம் உள்ளே என்றால் கம்ப்ரஸர் மேட்டின் மேல் நிற்க வையுங்கள். சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் ஹை-சைடு கேஜ் 20 டிகிரியில் 57 பார் காட்டும், 4 டிகிரியில் 39 பாரை ஒட்டி இறங்கும். திரவ வாயுவின் ஆவியழுத்தம் குறைவதுதான் காரணம், லீக் என்று நினைத்து எல்லா மூட்டுகளையும் பிரிக்க வேண்டாம். லீக் தேட சோப்பு நுரை, எவ்வளவு வாயு மிச்சம் என்று பார்க்கத் தராசு.

நுரைமட்டம்:
ஈரம்: ஃப்ரீசராக ஓடும்போது அது பனியாகச் சுவரில் ஒட்டும். உறைநிலைக்கு மேல் ஓட்டினால் உருகி அடியில் குட்டையாகும், அங்கிருந்துதான் நாற்றமும் பூஞ்சையும். சூடேற்றி மறுபடி பயன்படுத்தும் சிலிகா ஜெல் வையுங்கள். கால்சியம் குளோரைடு வேகமாக உறிஞ்சும், ஆனால் அதில் சேரும் உப்புநீர் சிந்தினால் தகடு துருப்பிடிக்கும். சின்ன பெல்டியர் டீஹியூமிடிஃபையர் 4 டிகிரியில் அநேகமாக எதுவும் செய்யாது.

கூடவே 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று எப்போதும் ஓடட்டும். 12 வோல்ட் ஃபேனுக்கு 9 வோல்ட் அடாப்டர் போட்டால் சத்தம் வராது. ஃபேன் இல்லாவிட்டால் அடியில் 4, காலர் உயரத்தில் 8 அல்லது 9 என்று காற்று அடுக்கடுக்காக நிற்கும். முதல் கிளாஸ் மட்டும் நுரையாக வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம், ஷேங்க்கில் நிற்கும் பியர் சூடாகி வாயு பிரிந்துவிடுகிறது. ஃபேனின் வாயில் ஒரு பிவிசி குழாயை வைத்து, அடிக்காற்றை நேராக ஷேங்க் மேல் படும்படி ஏற்றிவிடுங்கள். கெக்கும் பியர் லைனும் சுவரைத் தொடாமல் 3 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். கம்ப்ரஸர் நீண்ட நேரம் ஓடும்போது சுவரை ஒட்டிய லைன்தான் முதலில் உறையும்.