0.3 பார் அழுத்தத்துக்கு எந்த தெர்மோஸ்டாட்டிக் வால்வு?

கிருஷ்ணகிரியில் வீடு. மாடியில் சோலார் ஹீட்டர், பக்கத்திலேயே தண்ணீர் டேங்க். இரண்டும் ஷவருக்குப் பத்தடி மேலே, அதாவது அழுத்தம் 0.3 பார்தான். போர் தண்ணீர் வேறு. ஷவர் துளைகளில் உப்பு படிந்து, ஊசியால் குத்தினால்தான் வழிவிடுகிறது.

இப்போது இருப்பது சுவருக்குள் பதித்த சாதாரண டைவர்ட்டர், அதாவது சுடுநீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து ஷவருக்கோ பக்கெட் குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு. குளிக்கும்போது சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் போதும், கொதிநீர் கொட்டுகிறது. வயதான அம்மா குளிக்கிற இடம், பயமாக இருக்கிறது.

அதன் உள்ளே தண்ணீரைக் கலக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றியாச்சு. பச்சைத்தண்ணீருக்குத் தனிக்குழாய் இழுத்தும் சரியாகவில்லை. பிளம்பர் பிரஷர் பம்ப் போடச் சொல்கிறார். சோலார் டேங்கோ அழுத்தம் தாங்காத வகை. தண்ணீரின் சூட்டைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும், 38 டிகிரியில் தடுப்பு உள்ள தெர்மோஸ்டாட்டிக் வால்வுதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் கடையில் காட்டியதெல்லாம் குறைந்தது 1 பார் கேட்கிறது.

ஷவர், பக்கெட் குழாய் இரண்டுக்கும் சேர்த்து, இந்த அழுத்தத்திலும் உப்புத் தண்ணீரிலும் ஒழுங்காக ஓடுகிற மாடல் எது?