அமெரிக்காவின் நடுநிலை எந்த இடத்தில் உடைந்தது? (1914–1917)

கேள்வி: மெயின்ஸ்_படிப்பு
முதல் உலகப் போர் தொடங்கியதும், 1914 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் வில்சன் நடுநிலை அறிவித்தார். பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் லூசிடானியாவை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது 1915 மே 7. போர் அறிவிப்போ 1917 ஏப்ரல் 6. கப்பல்தான் காரணம் என்றால் ஏன் 23 மாதம் காத்திருக்க வேண்டும்? வங்கிக் கடன்தான் உண்மைக் காரணம் என்கிறார்களே, சரியா?

பதில்: கணக்குப்புத்தகம்
கடனிலிருந்து தொடங்குங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள். போரிடும் நாடுகளுக்குக் கடன் கொடுப்பது நடுநிலைக்கு ஒவ்வாது என்று 1914 ஆகஸ்டில் வெளியுறவுச் செயலர் பிரையன் தடுத்தார். அக்டோபரிலேயே அதில் ஓட்டை விழுந்தது: மக்களிடம் பத்திரம் விற்றுத் திரட்டும் கடன் கூடாது, சரக்கு வாங்க வங்கி தரும் குறுகிய காலக் கடன் பரவாயில்லை. 1915 ஜனவரியில் அமெரிக்காவின் மார்கன் வங்கி பிரிட்டனின் கொள்முதல் முகவரானது. பாக்கி ஏற ஏற, வாங்குகிறவர் கையில் பணமில்லாவிட்டால் அமெரிக்க ஆலைகளே படுத்துவிடும் என்ற நிலை. அக்டோபரில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் 50 கோடி டாலர் பத்திரக் கடன். 1917 ஏப்ரலில் நேச நாடுகள் பக்கம் சுமார் 230 கோடி. ஜெர்மனிக்கு 3 கோடிகூட இல்லை.

இதற்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை. கடை இரு தரப்புக்கும் திறந்துதான் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படை வழியை அடைத்ததால் ஒரு தரப்பு மட்டுமே வந்து வாங்க முடிந்தது.

பதில்: கலங்கரை
கடன்தான் எல்லாம் என்பவர்கள் 1916 நவம்பருக்குப் பதில் சொல்லட்டும். அடமானம் இல்லாத வெளிநாட்டு அரசுப் பத்திரங்களில் கவனம் தேவை என்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வாரியம் வங்கிகளை எச்சரித்தது. அந்த வாசகத்தை இன்னும் கடுமையாக்கச் சொன்னவர் வில்சன். பிரிட்டனின் தங்கம் கரைந்துகொண்டிருந்த நேரம் அது. வங்கிக்காரர் பேச்சைக் கேட்பவர் செய்கிற காரியமா?

முடிச்சு கடல் சட்டத்தில் இருக்கிறது. பழைய விதிப்படி வணிகக் கப்பலை நிறுத்திச் சோதித்து, ஆட்களைப் படகில் இறக்கிவிட்ட பிறகே மூழ்கடிக்கலாம். நீர்மூழ்கி அப்படி மேலே வந்து நின்றால், வணிகக் கப்பலில் ஒளித்து வைத்த ஒரு பீரங்கி போதும் அதை முடிக்க. விதியை மீறித் தாக்கினாலோ அமெரிக்கப் பயணிகள் சாவார்கள். லூசிடானியாவில் இறந்த 1,198 பேரில் 128 பேர் அமெரிக்கர். போரிடும் நாட்டுக் கப்பலில் நம் ஆட்கள் ஏறாமல் தடுப்போம் என்றார் பிரையன். எடுபடவில்லை, ஜூனில் பதவி விலகினார்.

1916 மார்ச் 24 அன்று சசெக்ஸ் என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. உறவை முறிப்போம் என்று வில்சன் மிரட்ட, எச்சரிக்காமல் தாக்க மாட்டோம் என்று மே 4 அன்று பெர்லின் இறங்கி வந்தது. ஆனால் பிரிட்டனையும் சட்டத்துக்குக் கட்டுப்பட வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டது. வில்சன் வாக்குறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையைத் தள்ளிவிட்டார். என்னைக் கேட்டால் நடுநிலை போனது அங்கேதான். அதன் பிறகு அமெரிக்கா போருக்குப் போகுமா என்பது பெர்லின் கையில்.

மெயின்ஸ்_படிப்பு
அப்படியானால் ஜெர்மன் வெளியுறவுச் செயலர் சிம்மர்மனின் தந்திக்கு என்ன இடம்?

பதில்: கலங்கரை
அது வேகப்படுத்தியது, அவ்வளவுதான். மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்தே மாதத்தில் பிரிட்டன் பணியும் என்று ஜெர்மன் கடற்படைத் தலைமை கணக்குப் போட்டது. கட்டுப்பாடற்ற நீர்மூழ்கித் தாக்குதல் என்று முடிவானது 1917 ஜனவரி 9. மெக்சிகோவைக் கூட்டுச் சேர்க்கும் தந்தி போனது அதற்குப் பின், ஜனவரி 16. பிப்ரவரி 3 அன்று தூதரக உறவு முறிந்தும் போர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கக் கப்பல்கள் கிளம்பப் பயந்து துறைமுகத்திலேயே கிடந்தன, சரக்கு தேங்கியது. மார்ச் 1 அன்று தந்தி பத்திரிகைகளில் வந்தது. மார்ச் 3 அன்று சிம்மர்மனே ஒப்புக்கொண்டார். மார்ச் நடுவில் மூன்று அமெரிக்கக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. 20-ஆம் தேதி அமைச்சரவை முழுவதும் போர் என்றது. வாக்கெடுப்பு: செனட்டில் 82–6, கீழவையில் 373–50.

பதில்: கணக்குப்புத்தகம்
விடைத்தாளில் ஒன்றைக் கவனியுங்கள்: ‘நேச நாடாகச் சேர்ந்தது’ என்று எழுதாதீர்கள். பிரிட்டன், பிரான்சு தரப்பின் ஒப்பந்தக் கூட்டணியில் வில்சன் சேரவில்லை. ‘இணைந்து போரிடும் நாடு’ என்ற பெயரோடு தனியாகவே நின்றார்.