டாப்னியா போட ஆரம்பித்த பிறகு கப்பி குட்டிகள் காணாமல் போகின்றன, உதவி தேவை

மாடித்தொட்டி:
வணக்கம். மதுரைப் பக்கம், திருப்பரங்குன்றத்திலிருந்து எழுதுகிறேன். கப்பி மீன் குட்டிகளுக்கென்று தனியாக ஓரடித் தொட்டி வைத்திருக்கிறேன். ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒரு கொத்து ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடி, அவ்வளவுதான். பெரிய மீன் ஒன்றுகூட இல்லை. மூன்று வாரம் முன்பு எண்ணியபோது 34 குட்டிகள். போன ஞாயிறு 19. இன்று காலை 11. செத்து மிதந்ததை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, ஆள் காணாமல் போவது போலப் போகின்றன. மீதி இருப்பவை நன்றாகத் தின்று கொழுகொழு என்று இருக்கின்றன.

மழைக்குப் பிறகு தென்கால் கண்மாய்ப் பக்கம் வயலோரக் குட்டையில் டாப்னியா (மீன் தின்னும் சின்ன நீர்த்தெள்ளு) நிறையக் கிடைக்கிறது. ஒரு மாதமாக அதைத்தான் போடுகிறேன். அதில் ஏதாவது நோய் வந்திருக்குமா? மருந்து ஏதும் போடவா?

நத்தைக்காரன்:
அம்மோனியாவாக இருக்கும் சார். குட்டி செத்தால் ஒரே இரவில் நத்தை தின்றுவிடும், உடம்பே கிடைக்காது. தண்ணீரைப் பாதி மாற்றி, கொஞ்சம் கல் உப்பு போட்டுப் பாருங்கள்.

மாடித்தொட்டி:
டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தேன், அம்மோனியா இல்லை. நத்தையும் இல்லை. வாரம் இரண்டு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன்.

பழைய ஃபைட்டர்காரன்:
மருந்து எதையும் இப்போது கொட்டாதீர்கள். மீதி மீன் தெம்பாக இருக்கிறது, உடம்பும் கிடைக்கவில்லை என்றால் நோயைவிடத் திருடனைத்தான் முதலில் தேட வேண்டும். இரண்டு கேள்வி. குட்டையிலிருந்து எடுத்ததை எப்படித் தொட்டியில் விடுகிறீர்கள்? இரவு விளக்கு அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் அடித்து மாஸுக்குள் பார்த்தீர்களா?

மாடித்தொட்டி:
வலையில் அள்ளி, பக்கெட்டில் கொண்டு வந்து, டீ வடிகட்டியில் வடித்து நல்ல தண்ணீரில் ஒரு அலசு, அப்படியே உள்ளே. இரவு பார்த்ததில்லை. இன்று பார்க்கிறேன்.

மாடித்தொட்டி:
பார்த்துவிட்டேன் சார். மாஸ் தண்டு என்று நினைத்த ஒன்று நடந்தது! ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும், குச்சி உடம்பு, ஆறு கால், வாலில் இலை மாதிரி மூன்று மடல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகத்துக்கு அடியிலிருந்து ஏதோ கை மாதிரி நீண்டு ஒரு குட்டியைப் பிடித்தது. கண்ணாடியில் வெள்ளை நூல் மாதிரியும் நாலைந்து ஒட்டியிருக்கின்றன. தொட்டால் சுருங்கிப் புள்ளியாகிவிடுகின்றன.

பழைய ஃபைட்டர்காரன்:
சரி, திருடன் கிடைத்தான். அது ஊசித்தட்டானின் புழு. மூன்று இலை மடல்தான் அடையாளம், அவை அதன் செவுள். பெரிய தட்டானின் புழு குண்டாக இருக்கும், அதற்கு அந்த மடல் கிடையாது. நீங்கள் பார்த்த ‘கை’ அதன் கீழுதடு. மடித்து வைத்திருக்கும், இரை பக்கத்தில் வந்ததும் நீட்டிக் கவ்வும். பொரித்த புதிதில் டாப்னியா அளவுதான் இருக்கும் என்பதால் உங்கள் கண்ணுக்குத் தப்பி வந்து, உங்கள் டாப்னியாவையே தின்று வளர்ந்து, பிறகு குட்டிக்கு மாறியிருக்கிறது. ஒன்று மட்டும் இருக்காது. மாஸ் முழுவதையும் எடுத்து வெள்ளை டப்பில் போட்டு உதறுங்கள், அடியையும் குழாய் வைத்து உறிஞ்சுங்கள்.

கண்ணாடியில் இருப்பது ஹைட்ரா, ஒட்டி வாழும் சின்ன நீர் உயிரி. அதைத் தொட்டிக்குள் வைத்துச் சுரண்டிவிடாதீர்கள், துண்டிலிருந்தே மறுபடி முளைக்கும். குட்டிகளை எடுத்துவிட்டு ஒரு நீல கௌராமி மீனைச் சில நாள் விட்டால் பெரும்பாலும் பொறுக்கித் தின்றுவிடும்.

நத்தைக்காரன்:
என் கணிப்பு தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குட்டைத் தண்ணீரே வேண்டாம் என்பேன். வயலில் அடித்த மருந்தெல்லாம் அதில்தானே இருக்கும்?

பழைய ஃபைட்டர்காரன்:
அந்தப் பயம் நியாயம்தான், ஆனால் பூச்சிமருந்தில் முதலில் சாவது டாப்னியாதான். அது கூட்டமாகத் துள்ளுகிறது என்றால் அங்கே பூச்சிமருந்து அதிகம் இல்லை. நான் அதிகம் பயப்படுவது மீன் இருக்கும் குட்டையைப் பார்த்துத்தான். மீன்பேன் அங்கிருந்து வரும். சைக்ளாப்ஸ் என்ற சின்ன நீர் உயிரி வழியாகக் குடல்புழுவும் வரும். கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல் தொங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மீனே இல்லாத மழைக்குட்டையாகப் பாருங்கள்.

அப்புறம், அலசுவது மட்டும் போதாது. பெரிய கண் வடிகட்டியில் ஊற்றினால் டாப்னியா கீழே போகும், பெரிய பூச்சி மேலே நிற்கும். கீழே வந்ததை வெள்ளை டப்பில் வைத்து ஒரு மூலையில் மட்டும் மங்கலான வெளிச்சம் காட்டுங்கள். டாப்னியா அங்கே கூடும், தட்டான் புழு அடியிலேயே கிடக்கும். கூடியதை மட்டும் டியூப்பில் உறிஞ்சுங்கள். நான் அதையும் நேராக மீனுக்குப் போடுவதில்லை. இருபது முப்பது மட்டும் எடுத்துத் தனி டப்பில், பாசியால் பச்சையான தண்ணீரில் வளர்த்து, அதன் குட்டிகளைத்தான் போடுவேன். பச்சைத் தண்ணீர் இல்லையென்றால் ஒரு சிட்டிகை ஈஸ்ட், தண்ணீர் லேசாக மங்கும் அளவு போதும். அதிகமானால் அடுத்த நாளே டப் நாறும், டாப்னியாவும் போய்விடும்.

வாளி_வளர்ப்பு:
இவ்வளவு பாடு எதற்கு? மொட்டைமாடியில் ஒரு வாளித் தண்ணீர், நாலு காய்ந்த இலை. கொசுப்புழு தானே வரும். என் ஃபைட்டர் மீனுக்கு அதுதான் மூன்று வருடமாக.

பழைய ஃபைட்டர்காரன்:
நல்ல தீனிதான், ஆனால் டெங்குக் கொசு முட்டையிலிருந்து ஏழெட்டு நாளில் பறந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் கண்டிப்பாக வடிக்க வேண்டும். தலை பெருத்துக் கமா மாதிரி சுருண்டது தெரிந்தால் அது கூட்டுப்புழு, அன்றே எடுத்துவிட வேண்டும். ஊருக்குப் போகும் ஆள் என்றால் வாளியே வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு டிரம்மில் அள்ளுவதும் வேண்டாம், அதில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றியிருப்பார்கள்.

மாடித்தொட்டி:
மாஸை உதறியதில் மொத்தம் ஆறு தட்டான் புழு. ஐந்தைத் திரும்பக் குட்டையிலேயே விட்டுவிட்டேன். நேற்றும் இன்றும் எண்ணினேன், 10 குட்டி, குறையவில்லை. ஹைட்ராவுக்குக் கௌராமி இந்த ஞாயிறுதான் வாங்க வேண்டும்.

இன்னொரு சந்தேகம். ஆறாவதை என் மகள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறாள். தட்டானாகப் பறப்பதைப் பார்க்க வேண்டுமாம். அதற்கு என்ன தீனி?

பழைய ஃபைட்டர்காரன்:
கொசுப்புழு கொடுங்கள், வாளிக்காரர் தருவார். பாட்டிலில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு குச்சி செருகி வையுங்கள். தோல் உரிக்க அதில்தான் ஏறும், பெரும்பாலும் காலையில்.