சென்னைக்குப் போய் வந்தோம்: புதுப்பிப்பு

கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் நாங்கள் சில பேர் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போகிறோம், சனி ஞாயிறு ஆறுதலாகச் சுற்ற எந்த இடம் நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் தி.நகர் என்றீர்கள். ஒரு அக்கா மட்டும் "எழும்பூர் அருங்காட்சியகத்தை விட்டிடாதே தம்பி" என்று எழுதினார், முதல் நன்றி அவருக்குத்தான்.

சென்னை விமான நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறி ஆலந்தூரில் மாறினால் எழும்பூர். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரின் முன்னால் போய் நின்ற எங்களுக்கு, தூக்கிய காலையும் கீழே மிதிபடும் அசுரன் முயலகனையும் பார்க்கப் பார்க்க நகரவே மனம் வரவில்லை, சோழர் காலத்து வார்ப்பு வேலையை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது பெரிய கொடுப்பினை.

பின்னேரம் மெரினா. மாங்காய்த் துண்டு போட்ட சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு, முல்லைத்தீவுச் சிநேகிதன் "எங்கட கடல்தானேடா இதுவும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தி.நகரில் சனக்கூட்டம், உடுப்பு எடுத்ததோடு சரி.

போகிறவர்கள் கவனியுங்கள், அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை பூட்டு.