தொழிலதிபர் புத்தகங்களும் வீட்டுப் பேரேடும்: பாடம் சேர்க்கும் முறை பற்றி ஒரு அனுபவப் பகிர்வு

பழனி ரோடு, பொள்ளாச்சி:
தொழில் பண்ணி மேல வந்தவங்களோட தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு படிக்கிறவங்க இங்க நிறைய இருக்கீங்க. படிச்சதை எப்படிச் சேர்த்து வெக்கிறீங்க? அடிக்கோடு போட்டா புத்தகத்தோடயே அலமாரிக்குள்ள போயிருது. வேணுங்கிற அன்னைக்குக் கைக்குச் சிக்கற மாதிரி முறை ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. யார் எப்படி ஜெயிச்சாங்கங்கிற கதை வேண்டாமுங்க, செய்முறை மட்டும்.

மண்டிக்கணக்கு, ஈரோடு:
மஞ்சள் மண்டியில கணக்கு எழுதற முறையே இதுக்குப் போதுமுங்க. அன்னன்னைக்கு நடந்ததைக் குறிச்சு வெக்கிற சிட்டை ஒண்ணு, அதைத் தலைப்பு வாரியாப் பிரிச்சு எழுதற பேரேடு ஒண்ணு.

சிட்டை சட்டைப்பைக்குள்ள போற அளவு இருக்கணும். படிக்கிறப்ப பட்டதை அதுல எழுதிட்டுப் போயிட்டே இருங்க: தேதி, புத்தகம், பக்கம், ரெண்டு வரி. அந்த நேரத்துல அது பாடமா இல்லையான்னு யோசிக்க வேண்டாம்.

பேரேட்டுக்கு 2 குயர் நீள நோட்டு, 192 பக்கம். முதல் 12 பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விட்டுட்டு மீதி 180ஐ 12 தலைப்புக்குப் பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் 15 பக்கம் வரும். தலைப்பு வெக்கிறதுலதான் பாதிப் பேர் சறுக்கறாங்க. ஃபோர்டு, டாட்டா, சோனின்னு ஆள் பேர்ல தலைப்புப் போட்டா அது நூலகப் பட்டியல். மண்டியில 'திங்கட்கிழமை'ன்னு யாராவது பக்கம் திறப்பாங்களா? பார்ட்டி பேர்லதான் திறப்பாங்க. அதே மாதிரி நமக்கு வர்ற தொல்லை பேர்ல திறக்கணும். கடன், வாடகை, வசூல், ஆள், மெஷின், தேங்கின சரக்கு, விலை சொல்றது, ஒரே பார்ட்டிய நம்பி இருக்கறது, பங்காளி, அடுத்த தலைமுறை, அரசாங்கம், மூடுறது. பன்னெண்டு ஆச்சுங்களா.

'மூடுறது' பக்கம் ரொம்ப நாளைக்குக் காலியாத்தான் கிடக்கும். ஜெயிச்சவங்கதான புத்தகம் எழுதறாங்க. காலியா இருக்குதேன்னு வேற எதையும் எழுதி ரொப்பிராதீங்க.

சிட்டையில இருந்து பேரேட்டுக்கு ஏத்தறது வாரம் ஒரு நாள், ஞாயித்துக்கிழமை பொழுதோட ஒரு மணி நேரம். புத்தகத்தை முடிச்சு ஒரு பத்து நாள் ஆறப் போட்டு ஏத்துங்க. சூட்டோட ஏத்தினா ஒட்டுக்கா எல்லாமே பாடமாத் தெரியும். 20 குறிப்பு இருந்தா மூணோ நாலோ ஏறினா அது நல்ல புத்தகம். சிட்டையில, ஏத்தின குறிப்புக்குப் பக்கத்துல பேரேட்டுப் பக்க எண்ணைச் சிவப்பு மையில போட்டுருங்க, அப்பத்தான் ஒண்ணையே ரெண்டு தடவை ஏத்தமாட்டீங்க.

ஒரு பதிவுக்கு ஆறு வரி: நிலைமை, எடுத்த முடிவு, காரணம், விளைவு, எங்க பொருந்தாது, பக்க எண். அஞ்சாவது வரியை எழுத முடியலைன்னா அந்தப் பாடம் இன்னும் புரியலைன்னு அர்த்தம். அதைச் சிட்டையிலயே விட்டுருங்க.

உதாரணத்துக்கு 'வாடகை'. வால்மார்ட்டைத் தொடங்கின சாம் வால்டன் 1945ல் அர்க்கன்சாஸ் மாநிலம் நியூபோர்ட்ல முதல் கடையை எடுக்கறார். வாடகை விற்பனையில 5 சதவீதம். வருஷத்துக்கு 72,000 டாலர் வித்துட்டிருந்த கடையை அஞ்சு வருஷத்துல 2,50,000க்குக் கொண்டு போறார். ஒப்பந்தத்துல மட்டும், முடிஞ்சதும் புதுப்பிச்சுத் தரணும்ங்கற ஒரு வரி இல்லை. கட்டடக்காரர் தன் மகனுக்கு வேணும்னு 1950ல் கடையைத் திருப்பிக் கேட்டுட்டார். வால்டன் ஊரையே மாத்தி பென்டன்வில்லுக்குப் போனார். அங்க பக்கத்துக் கடையை 99 வருஷக் குத்தகைக்கு வாங்கிட்டுத்தான் வியாபாரத்தை ஆரம்பிச்சார்.

இதை 'வாடகை ஒப்பந்தத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்'னு எழுதினா அது பழமொழி, பாடம் ஆகாது. பேரேட்டுல இப்படி ஏறணும்: 'இடத்துக்காகவே ஆள் வர்ற வியாபாரம்னா புதுப்பிக்கிற உரிமையும், அப்ப வாடகை எவ்வளவு ஏத்தலாம்ங்கிறதும் எழுத்துல இல்லாம உள்ளே பணம் போடாதே. பொருந்தாத இடம்: லாரியில சரக்கு வந்து போற குடோன், எங்க வேணா மாத்திக்கலாம்.'

இன்னொண்ணு. அந்தக் கால டாலரை இன்னைக்கு ரூபாயா மாத்திக் கணக்குப் போடாதீங்க, அதுல ஒண்ணும் கிடைக்காது. விகிதமா எழுதுங்க. விற்பனையில 5 சதவீதம் வாடகைங்கறது எந்த ஊர்லயும் எந்த வருஷத்துலயும் ஒப்பிட ஆகும்.

ஓவர்லாக், திருப்பூர்:
'விலை சொல்றது' தலைப்புக்கு எங்க ஊர்க்காரங்க முதல்ல ஏத்த வேண்டியது, சோனியைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான அகியோ மோரிட்டா. சோனி சின்னதா இருந்த 1955ல், டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தூக்கிட்டு அமெரிக்கா போறார். ஒரு பையர் 5,000, 10,000, 30,000, 50,000, 1,00,000 பீஸுக்குத் தனித்தனியா விலை கேட்கறார். மோரிட்டா கொடுத்த விலை 10,000 வரைக்கும் இறங்குது. 30,000ல இருந்து ஏறுது. 50,000க்குச் சொன்ன பீஸ் விலை 5,000க்குச் சொன்னதைவிட அதிகம், லட்சத்துக்கு இன்னும் அதிகம். பையர் அசந்து போயிட்டார். காரணம் நேரானது: லட்சம் பீஸுன்னா புது ஆள், புது இடம், புது மெஷின். அடுத்த வருஷம் அதே ஆர்டர் வரலைன்னா அத்தனையும் தலைமேல விழும். அந்த ஆபத்தையும் விலையில சேர்த்துட்டார். பையர் 10,000 எடுத்தார்.

இப்ப அஞ்சாவது வரி. எங்க பொருந்தாது? திருப்பூர்ல அப்படியே பொருந்தாதுங்க. இங்க நிட்டிங் ஒருத்தர், சாயம் ஒருத்தர், காம்பாக்டிங் ஒருத்தர், பிரிண்டிங் ஒருத்தர், தையல் இன்னொருத்தர். வேலையைக் கிலோ கணக்குலயும் பீஸ் கணக்குலயும் வெளிய கொடுத்து வாங்கிக்கலாம். அதனால சொந்தமா மெஷின் போடாமயே பெரிய ஆர்டர் எடுக்க முடியும், விலை அவ்வளவு சீக்கிரம் மேல திரும்பாது. ஆனா ஒரு இடத்துல கண்டிப்பாத் திரும்பும்: சாயம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் தாங்கற அளவுக்கு மேல ஒரு லிட்டர் கூடப் போகாது. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப தையலுக்கு ஆள் இருந்தது, ஆர்டர் இருந்தது, சாயம் போட இடம் இல்லை. அதனால பதிவு இப்படி முடியும்: 'மொத்தக் கொள்ளளவைப் பார்க்காதே. எந்தக் கட்டத்தைக் காசு கொடுத்தாலும் பெருக்க முடியாதோ அங்க இருந்து விலை ஏறணும்.'

பாருங்க, புத்தகம் கொடுத்தது பாதி, ஊர் கொடுத்தது பாதி. அஞ்சாவது வரி இல்லாட்டி இது வந்திருக்காது.

லேத்து, கணபதி:
ஈரோட்டு அண்ணா சொன்ன தலைப்பெல்லாம் செரி. நோட்டுதான் ஒத்துவராதுங்க. 'கடன்' மூணு மாசத்துல ரொம்பிரும், 'அடுத்த தலைமுறை' ரெண்டு பக்கம் தாண்டாது. கார்டுன்னா இந்தத் தொல்லை இல்லை.

5க்கு 3 இஞ்ச் கார்டு வெச்சுக்கங்க. கடையில கட்டா வாங்க வேண்டாம். 23க்கு 36 இஞ்ச் ஷீட்டை அச்சகத்துல கட்டிங் மெஷின்ல வெட்டச் சொன்னா 7க்கு 7, ஒரு ஷீட்டுக்கு 49 வரும். 250 ஜிஎஸ்எம் (அட்டையோட கனத்தைச் சொல்ற அளவு), பூச்சு இல்லாத அட்டைன்னு கேட்டு வாங்குங்க. ஆர்ட் கார்டு வழவழன்னு நல்லாத்தான் இருக்கும், மை காயாம இழுகிரும். 150க்குக் கீழ போனா பெட்டியில நிக்காது, வளையும். 100 கார்டு அடுக்கினா சுமார் 3 சென்டிமீட்டர் உயரம் வரும். அதைக் கணக்குப் பண்ணிப் பெட்டி பாருங்க.

ஒரு கார்டுக்கு ஒரே பாடம். பின்பக்கம் எழுதக் கூடாது, எழுதினா அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே மாட்டீங்க. ரெண்டு தலைப்புக்கு வர்றதுன்னா ரெண்டு தடவை எழுதாதீங்க. உதாரணம் பிலிப் நைட். 1964ல் ஜப்பான் ஒனிட்சுகா ஷூவை வாங்கி அமெரிக்காவுல வித்துட்டு இருந்தவர். வியாபாரம் வருஷா வருஷம் வளர, கையில முதல் இல்லைன்னு பேங்க் கழுத்தைப் பிடிக்குது. ஷூ கொடுக்கறவரும் வேற ஆளைத் தேடறார். 1971ல் நைக்கிங்கற சொந்தப் பேருக்குப் போக வேண்டி வந்தது. இது 'கடன்'லயும் வரும், 'ஒரே பார்ட்டி'லயும் வரும். கார்டு ஒரு இடத்துல, இன்னொரு இடத்துல 'கடன் 14 பார்க்க'ன்னு வெறும் சீட்டு.

இன்னொரு வரி சேர்க்கணும்: சூழல். நம்ம ஊரையே எடுத்துக்கங்க. 1937ல் பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் கோவையில மின்மோட்டார் செஞ்சாங்கன்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கும். படிச்சா 'மேதை'ன்னு ஒரு வார்த்தைதான் மிஞ்சும். ஆனா பைக்காரா மின்சாரம் வந்தது 1930களோட ஆரம்பத்துல. கிணத்துப் பாசனம் ஏற்கெனவே இருக்கு. ஸ்டேன்ஸ் மில் 1888, லட்சுமி மில் 1910ன்னு பழுது பார்க்கற கையும் பழகியிருக்கு. கரண்ட், கிணறு, கை மூணும் சேர்ந்த இடத்துல மோட்டார் வந்துச்சு. இந்தச் சூழலை எழுதலைன்னா, கரண்ட் இல்லாத ஊர்ல மோட்டார் விக்கப் போன கதையாயிரும் நம்ம பாடம்.

மண்டிக்கணக்கு, ஈரோடு:
கார்டு ஒண்ணு காணாமப் போனா காணாமப் போனதே தெரியாதுங்க தம்பி. நோட்டுல பக்கம் கிழிஞ்சா தெரியும்.

லேத்து, கணபதி:
மூலையில வரிசை எண் போட்டு, மாசம் ஒரு தடவை சரிபார்த்தா தெரியும்ங்க அண்ணா. நம்பர் போடறது எப்பவும் பேனாவுல, தலைப்பு எழுதறது பென்சில்ல. தலைப்பு மாறும், நம்பர் மாறக் கூடாது.

கட்டில் விரிப்பு, கரூர்:
'ஆள்' தலைப்புல நிறையப் பேர் ஏத்தி வெச்சிருக்கற ஒரு தப்பைச் சொல்லியே ஆகணும். 1914 ஜனவரியில ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் சம்பளம்னு அறிவிச்சது. 'தொழிலாளிகிட்ட அன்பா இரு, தொழில் வளரும்'னு அதைப் பாடமா எழுதறாங்க. அதுக்கு முந்தின வருஷத்தைப் பாருங்க. 1913ல் நகரும் அசெம்பிளி லைன் வந்துச்சு. காரோட அடிச்சட்டமான சேசிஸைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல ஆனது சீக்கிரமே 93 நிமிஷத்துக்கு வந்துச்சு. வேலை அலுப்பு தாங்காம ஆள் நிக்கலை, அந்த வருஷம் ஆள் மாறுற விகிதம் 370 சதவீதம். ஒரு இடத்தை நிரப்பி வெக்க வருஷத்துல மூணு நாலு பேரைச் சேர்க்க வேண்டியதாப் போச்சு. 5 டாலர் அந்தச் செலவுக்குப் போட்ட அணை. அதுலயும் பாதி லாபப்பங்குன்னு பேர் வெச்சு, வீட்டு நடத்தையை விசாரிக்க ஆள் அனுப்பினாங்க.

அதனால ஒரே ஆள் சொன்னதை வெச்சு பேரேட்டுல ஏத்தாதீங்க. தன்வரலாறுன்னா ஆறாவது வரியில 'ஒரு சாட்சி'ன்னு எழுதுங்க. வேற ஆள் எழுதின புத்தகமோ, கம்பெனி ஆண்டறிக்கையோ, கோர்ட்டுத் தீர்ப்போ அதையே சொன்னா 'ரெண்டு சாட்சி'. ஒரு சாட்சிப் பாடத்தை நம்பிக் கடன் வாங்காதீங்க.

வசூலுக்கும் இதே கதிதான். வெளிநாட்டுப் புத்தகத்துல பாக்கி வசூல் பத்திச் சொல்றது அந்த நாட்டுச் சட்டத்துக்குள்ள. நம்ம பக்கம் 2006ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பண்ணின சின்ன யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தா 45 நாளுக்குள்ள, இல்லாட்டி 15 நாளுக்குள்ள பணம் தரணும். அந்தக் கார்டுக்குக் கீழ இதையும் எழுதுங்க.

பழைய புத்தகம், உக்கடம்:
வாங்கறப்ப ரெண்டு விஷயம். தமிழாக்கம்னா முதல்ல 'சுருக்கப் பதிப்பு'ன்னு எங்கயாவது போட்டிருக்கான்னு பாருங்க. சுருக்கறவங்க முதல்ல வெட்டறது எண்களையும் கடன் கதையையும்தான். உபதேசம் அப்படியே நிக்கும். நமக்கு வேண்டியது வெட்டுப்பட்டது. கடையில நின்னே நடுவுல பத்துப் பக்கம் புரட்டுங்க, வருஷமும் தொகையும் கண்ணுல படலைன்னா வெச்சுட்டு வாங்க. ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழாவுல இதை நிதானமாப் பண்ணலாம்.

பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். அத்தியாயத்தையும் சேர்த்து எழுதுங்க. நூலகப் புத்தகத்துல பசைச்சீட்டு ஒட்டாதீங்க, பழைய காகிதம் உரிஞ்சு வரும். வெறும் துண்டுத்தாள் போதும்.

கோழிப்பண்ணை, நாமக்கல்:
செல்லுல வெக்கிறவங்களுக்கு. போட்டோ எடுத்துப் போட்டா அதுல இருக்கற தமிழ் எழுத்து தேடலுக்குச் சிக்கும்னு நம்ப முடியாது. தமிழ்ல தட்டறப்ப 'குத்தகை', 'லீஸ்', 'வாடகை'ன்னு மூணு விதமா எழுதினா தேடறப்ப ஒண்ணுதான் வரும். பன்னெண்டு தலைப்பையும் ஒரு தாள்ல எழுதி ஒட்டிட்டு அதே எழுத்துக்கூட்டல்ல தட்டுங்க. டிடிபி கடையில பாமினிங்கற பழைய எழுத்துருவுல அடிச்சு வாங்கினதை அப்படியே ஒட்டினா ஆங்கில எழுத்துக் குப்பையாத்தான் தெரியும், யூனிகோடுக்கு மாத்திட்டு ஏத்துங்க. பக்கத்தைப் படம் எடுத்து எழுத்தா மாத்தினா ண, ன, ற, ர இதுலயும் எண்கள்லயும் தப்பு வரும். எழுத்துத் தப்பு பரவாயில்லை. 72,000 7,200 ஆனா பாடமே போச்சு.

பழனி ரோடு, பொள்ளாச்சி:
எல்லாருக்கும் நன்றிங்க. ஏத்தி வெச்சதை எப்பத் திறக்கறது?

மண்டிக்கணக்கு, ஈரோடு:
கையெழுத்துப் போடறதுக்கு முந்தின ராத்திரி. மெஷின் லோன், கடை ஒப்பந்தம், பங்காளியைச் சேர்க்கறது, எதுன்னாலும் அந்தத் தலைப்பை மட்டும் பத்து நிமிஷம். திறந்த தேதியைப் பதிவுக்குப் பக்கத்துல போடுங்க. ரெண்டு வருஷமாத் தேதியே விழாத பதிவுக்கு குறுக்குக் கோடு போட்டுருங்க. அழிக்க வேண்டாம்.

ஓவர்லாக், திருப்பூர்:
'மூடுறது' பக்கம் காலியாக் கிடக்கும்னீங்களே. அதுக்குப் புத்தகத்தைத் தேடாதீங்க. தினசரியில பேங்க் ஏல அறிவிப்பு வருதே, அதை வெட்டி வைங்க. பாக்கி எவ்வளவு, என்ன சொத்து அடமானம், கெடு கொடுத்த தேதி எல்லாம் அதுல இருக்கும். அடமானச் சொத்தை பேங்க் எடுத்து விக்கலாம்ங்கிற 2002ஆம் வருஷச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து 60 நாள் கெடு. பாக்கியையும் சொத்தோட குறைந்தபட்ச ஏலத் தொகையையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்து வெச்சாங்களான்னு குறிங்க. பத்து அறிவிப்பு சேர்ந்தாலே அந்தப் பக்கம் பேச ஆரம்பிச்சிரும். பேரை மட்டும் எழுதாதீங்க, தொழிலை எழுதுங்க. நோட்டு யார் கையிலயும் போகும், நம்ம பக்கத்துல எல்லாரும் ஏதோ ஒரு வழியில சொந்தமா வந்து நிப்பாங்க.